இரண்டு மில்லி தண்ணீர்

தங்கபுஷ்பத்துக்குப் பயம் முதலில் அடிவயிற்றில்தான் வரும். நெஞ்சு படபடப்பதும் நாக்கு வறள்வதும் அதற்கப்புறம்தான். சாத்தான்குளத்துப் பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்தாலே கால்களை இறுக்கிக்கொண்டு உட்காருவாள். முப்பத்தாறு வயதாகி, கல்யாணமாகி, மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக்குடித்தனம் வந்த பிறகும் அது மாறவில்லை. வீட்டுக்காரர் குரலை உயர்த்தினாலும் சரி, பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் ஏறினாலும் சரி, எங்காவது ஒதுங்க இடம் இருக்கிறதா என்றுதான் அவள் கண் முதலில் தேடும்.

அப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்த இடம்தான் வேடிக்கை. அடையாற்றில் ஆற்றை ஒட்டி இருந்த ஒரு மருந்து ஆராய்ச்சி நிலையம். அதன் முதல் மாடியில், சிறுநீர்ப்பை எப்படிச் சுருங்குகிறது என்று கினிப்பன்றிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கபுஷ்பம் அங்கே கண்ணாடிச் சாமான்களைக் கழுவுகிறவள். ஆறு வருஷமாகத் தற்காலிகம். எண்பத்தொன்பது நாள் வேலை. தொண்ணூறாவது நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்துப் புதிதாகச் சேர்ந்தவள் போல மறுபடி எடுத்துக்கொள்வார்கள். தொண்ணூறு நாள் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் கேட்கலாமாம், அதனால்தான் இந்த ஏற்பாடு. ஒவ்வொரு தொண்ணூறாவது நாளும் அவள் படுகிற பாடு அவள் அடிவயிற்றுக்குத்தான் தெரியும்.

1975 ஆகஸ்டில் அதற்கு ஒரு முடிவு வருகிற மாதிரி இருந்தது. ஏழாம் தேதி வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது, ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் தற்காலிக ஆட்களை நேரில் கூப்பிட்டு விசாரித்து நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று கடிதம் வந்திருந்தது. கூடவே இன்னொரு பேச்சும் இருந்தது. நாட்டில் நெருக்கடிநிலை வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பத்து மணிக்கு ஒரு நிமிஷம் தாண்டினால் வருகைப் பதிவேட்டை மேலே எடுத்துப் போய்விடுகிறார்கள். நிரந்தரமாக்காத ஆட்களை ஒரேயடியாக அனுப்பிவிடுவார்கள் என்று கீழே ஆபீசில் பேசிக்கொண்டார்கள். ஒரு சின்னக் குற்றம் போதும், ஒரு மெமோ போதும்.

அந்த வருஷம் ஊரில் தண்ணீர் இல்லை. லாரியில் வந்தால்தான் உண்டு. நிலையத்தில் பெண்களுக்கான கழிப்பறையைப் பூட்டி, சாவியை ஆபீசில் மாட்டிவிட்டார்கள். மத்தியானம் ஒரு மணி நேரம்தான் திறப்பார்கள். தங்கபுஷ்பம் காலையில் எழுந்ததும் ஒரு வாய் காப்பியோடு சரி, அதற்கப்புறம் தண்ணீரே குடிக்கமாட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் நடந்த வேலையைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. கினிப்பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து ஒரு விரற்கடை நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, இரண்டு முனையிலும் நூல் கட்டி, வெதுவெதுப்பான உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாய்க்குள் தொங்கவிடுவார்கள். அடியிலிருந்து ஆக்ஸிஜன் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். மேல் நூல் ஒரு மெல்லிய நெம்புகோலில் கட்டியிருக்கும். துண்டு சுருங்கினால் நெம்புகோலின் மறுமுனை ஏறும். கரிப்புகை பிடித்த தாளைச் சுற்றிய உருளை ஒன்று மெல்லச் சுழன்றுகொண்டிருக்க, நெம்புகோல் முனை அந்தக் கறுப்பில் வெள்ளைக் கோடு கீறும். 'டிரம்' என்பார்கள் அந்த உருளையை. அதில் கரிப்புகை ஏற்றுவதும் தங்கபுஷ்பத்தின் வேலைதான்.

உடம்பை விட்டு வந்து ஐந்தாறு மணி நேரம் ஆனாலும் அந்தத் துண்டு உயிரோடு இருக்கும் என்பது அவளுக்கு முதலில் நம்ப முடியாததாக இருந்தது. மூளை இல்லை, முதுகெலும்பு இல்லை, அடக்கிக்கொள் என்று சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் மின்சாரம் லேசாகத் தொட்டால் சுருங்கியது.

ஜெயபாரதியின் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். பட்டம் முடித்து டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த இருபத்தாறு வயதுப் பெண். மயிலாப்பூரிலிருந்து வருகிறவள். வேலை நேரத்தில் தனக்குத் தானே பேசிக்கொள்கிற வழக்கம் அவளுக்கு. தங்கபுஷ்பம் பக்கத்தில் இருந்தால் அவளிடம் பேசுவாள்.

"நரம்பு முனையிலேர்ந்து ஒரு சமாச்சாரம் வெளிய வந்து தசைகிட்ட 'சுருங்கு'ன்னு சொல்றது. அது என்னன்னு எல்லாருக்கும் தெரியும். அட்ரோபின் போட்டா அதோட வாய அடைச்சுடலாம். ஆனா பாருங்கோ, அட்ரோபின் போட்ட அப்புறமும் பாதி ஏறறது. அப்ப இன்னொண்ணு யாரோ சொல்றா. யாரு?"

"எனக்கென்னம்மா தெரியும்" என்பாள் தங்கபுஷ்பம். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. ஒருத்தி வாயை அடைத்தும் இன்னொருத்தி சொல்லிவிடுகிறாள் என்பது ஒண்டுக்குடித்தனக்காரிக்குப் புரியாத விஷயமா?

அந்த இன்னொருத்தி 'சப்ஸ்டன்ஸ் பி'யாக இருக்கலாம் என்பது ஜெயபாரதியின் சந்தேகம். நரம்புகளில் இருக்கும் பெப்டைடு, புரதத்தின் சின்னத் துணுக்கு மாதிரி. சந்தேகத்தைத் தீர்க்க அந்தப் பொருளையே துண்டின் மேல் விட்டுப் பார்க்க வேண்டும். அது இந்தியாவில் கிடைக்காது. சுவிட்சர்லாந்துக்கு எழுதி, பதினோரு மாதம் காத்திருந்து, மீனம்பாக்கத்துச் சுங்கத்தில் நான்கு முறை நின்று வாங்கி வந்தார்கள். ஒரு மில்லிகிராம். பஞ்சு பொதிந்த தகர டப்பாவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சீசா. குளிர்ப்பெட்டியின் பனி அறையில் வைத்தார்கள். முதல் சோதனையைப் புதன்கிழமை செய்யலாம், நானே வந்து பார்க்கிறேன் என்று துறைத் தலைவர் சண்முகசுந்தரம் சொல்லியிருந்தார்.

குளிர்ப்பெட்டிக்குப் பூட்டு உண்டு. யாரோ ஒரு முறை தயிர்ச் சட்டியை உள்ளே வைத்துவிட்டதிலிருந்து வந்த பூட்டு. சாவி குலாம் ரசூலிடம் இருக்கும். மீர்சாகிப்பேட்டைக்காரர், கினிப்பன்றிகளைப் பராமரிக்கிற மூத்த அட்டெண்டர், நான்கு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். சாவி அவர் கையை விட்டுப் போகக்கூடாது என்பது விதி. ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை பனியை உருக்கிப் பெட்டியைத் துடைக்கிற நாள். அன்றைக்குத்தான் அவர் கினிப்பன்றிகளுக்குப் புல் வாங்கக் கிண்டிப் பக்கம் போகிற நாளும். ஆகவே சாவி தங்கபுஷ்பத்தின் கைக்கு வரும்.

"இந்தா சோனாபூல்" என்று கொடுப்பார். தங்கப் பூ என்பதை அவர் பாஷையில் அப்படி மாற்றி வைத்திருந்தார். "பெட்டிய நல்லா தொட. உள்ள பிரியாணி கீதுன்னா எனக்கு எடுத்து வை."

இரண்டாம் தேதி சனிக்கிழமை அவள் பெட்டியைத் திறந்தபோது, வெள்ளிக்கிழமை மாலை முழுக்க மின்சாரம் போனதில் பனி ஏற்கெனவே பாதி உருகியிருந்தது. தகர டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்து பஞ்சு நனைந்து கிடந்தது. சீசாவின் மேல் ஒட்டியிருந்த தாளில் எழுத்து இல்லை, நீலக் கறை மட்டும் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. ரப்பர் மூடி மட்டும் இறுக்கமாக இருந்தது.

காலி ஊறுகாய் ஜாடியை மறுபடி அலமாரியில் வைக்கிறவர்கள் எந்த வீட்டில் இல்லை? இங்கேயும் யாரோ அப்படி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். வெளிநாட்டுச் சீசா ஒன்றைக்கூட எறியக்கூடாது, கழுவி எடுத்துவை என்பது தலைவர் உத்தரவு. எடுத்துக் கழுவினாள்.

கழுவுவதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. தண்ணீர்ப் பஞ்சம் வந்தபின் தானாகப் பிடித்துக்கொண்டது. காய்ச்சி வடித்த நீர் கொஞ்சம்தான் கிடைக்கும். ஆகவே ஊசிபோடும் சிரிஞ்சில் இரண்டு மில்லி எடுத்து, இருப்பதிலேயே சுத்தமான சீசாவில் முதலில் விட்டுக் குலுக்குவாள். அதே தண்ணீரை உறிஞ்சி அடுத்ததில் விடுவாள், பிறகு அதற்கடுத்ததில். அழுக்கானது கடைசி. வீட்டில் பால் பாத்திரம் அலசின தண்ணீரில் சாம்பார்ச் சட்டியை அலசுவது மாதிரி. எல்லாம் முடிந்தபின் புதுத் தண்ணீரில் ஒரு அலசல்.

அன்றைக்கு இருந்ததிலேயே சுத்தமாகத் தெரிந்தது அந்த வெற்றுச் சீசாதான். முதலில் அதைக் குலுக்கி, தண்ணீரை அடுத்த சீசாவுக்கு மாற்றினாள். காலியான சீசாவைப் புதுத் தண்ணீர் ஊற்றி அலசித் தாங்கியில் கவிழ்த்தாள். இரண்டாவதை மூடிவிட்டுக் குலுக்கப் போகும்போது வாசலில் லாரி ஹாரன் கேட்டது.

தண்ணீர் லாரி! எல்லாவற்றையும் அப்படியே தட்டில் போட்டுவிட்டு வாளிகளோடு ஓடினாள்.

* * *

திங்கட்கிழமை காலை ஜெயபாரதி தகர டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"தங்கபுஷ்பம், இதுக்குள்ள இருந்த சீசா எங்க?"

கேட்ட மாத்திரத்தில் தங்கபுஷ்பத்தின் கண் தாங்கிக்குப் போனது. ஜன்னல் வெயிலில் அது பளபளத்துக்கொண்டிருந்தது, அவ்வளவு சுத்தமாக.

"எந்தச் சீசாம்மா?"

"சின்னது. பாத்தா காலி மாதிரி இருக்கும். உறைய வச்சு உலர்த்தின மருந்து, அடியில மூச்சு பட்ட ஆவி மாதிரி ஒட்டிண்டிருக்கும், கண்ணுக்கே தெரியாது. பாத்தேளா?"

பதினோரு மாதம். நான்கு முறை மீனம்பாக்கம். வியாழக்கிழமை கமிட்டி.

"தெரியலியேம்மா" என்றாள்.

சொல்லிவிட்ட பிறகுதான் அது பொய் என்று அவளுக்கே கேட்டது. ஜெயபாரதி மேஜைக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வதற்குள் தங்கபுஷ்பம் தாங்கியிலிருந்த சீசாவை எடுத்து, காலிச் சீசாக்கள் நிறைந்த பெட்டிக்குள் போட்டாள். நூறு சீசாக்களில் ஒன்றாகப் போய்விட்டது. மதியம் கழிப்பறை திறக்கிறவரை அவள் எப்படி நின்றாள் என்பது அவளுக்கே தெரியாது. அன்று இரண்டு குடுவைகளை உடைத்தாள். ஆறு வருஷத்தில் அவள் உடைத்தது அதுவரைக்கும் மூன்றே மூன்று.

மாலையில் வீட்டுக்காரர் நல்லசிவம், தி.நகர் ஜவுளிக்கடையில் துணி அளக்கிறவர், "என்னட்டி, முகம் ஒரு மாதிரி இருக்கு? கமிட்டிக்குப் பயமா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள். அதுவும் பாதிப் பொய்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு சண்முகசுந்தரம் கூடத்துக்கு வந்தார். சத்தம் போடமாட்டார். குரல் தணியத் தணியத்தான் மற்றவர்களுக்கு நடுங்கும்.

"குலாம். பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான் சார்."

"எப்பவும்?"

குலாம் ரசூல் தலைவரையே பார்த்தார். கழுவுதொட்டியருகே நின்ற தங்கபுஷ்பத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"எப்பவும் என்கிட்டதான் சார்."

"அப்ப பெட்டிக்குள்ள இருந்தது எங்க போச்சுன்னு நீதான் சொல்லணும். சாயங்காலம் நாலு மணிக்குள்ள எழுத்து மூலமா பதில் வேணும். மெமோ டைப் ஆகுது."

அவர் போய்விட்டார். ஜெயபாரதி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு நூலகத்துப் பக்கம் போய்விட்டாள். குலாம் ரசூல் கழுவுதொட்டியருகே வந்தார்.

"இன்னா சோனாபூல், மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி கீது? மெமோ எனக்கா உனக்கா?"

"பாய்... சனிக்கிழம சாவி..."

"எந்த சனிக்கிழமை? நான் எங்கியும் போவல. புல்லு தானா நடந்து வந்துச்சு." சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "சாவிய உன் கையில குடுத்தேன்னு சொன்னா அதுவும் என் தப்புதான். ரெண்டு பேரு எதுக்கு மாட்டணும்? உனக்கு வியாழக்கெழம கீது. எனக்கு நாலு மாசம். வாய மூடிக்கினு இரு."

"உங்க பென்ஷன்..."

"மெமோ முடியற வரைக்கும் ஃபைல் நகராதுன்றான் கிளார்க்கு. நகராட்டி போவுது. நான் இன்னா, கினிப்பன்னியா? பயந்து மடியில மூத்திரம் போவேனா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். கினிப்பன்றியைக் கூண்டிலிருந்து தூக்கினால் அது பயத்தில் கையை நனைத்துவிடும். பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். ஆனால் மெமோவை வாங்கக் கீழே இறங்கிப் போனவர் மாடிப்படியில் இரண்டு முறை நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

சும்மா நிற்க முடியாமல், சனிக்கிழமை விட்டுப்போன தட்டை மேஜையின் கீழ்த்தட்டிலிருந்து வெளியே இழுத்தாள். கழுவாத சீசாக்கள் ஆறு. முதலில் கைக்கு வந்தது ஒரு பழுப்புநிறச் சீசா. தூக்கியதும் உள்ளே ஏதோ ஆடியது. மூடியிருந்தது. உள்ளே தண்ணீர்.

ஏன் தண்ணீர் என்று ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு லாரி ஹாரன் நினைவுக்கு வந்தது.

வெற்றுச் சீசாவில் விட்டுக் குலுக்கின அதே தண்ணீர். அதற்கப்புறம் போக இடமில்லாமல் இங்கேயே நின்றுவிட்டது. அந்த மருந்து எங்காவது இருக்கிறதென்றால் இதற்குள்தான் இருக்கும்.

தொட்டி அவளுக்கு நேர் எதிரே இருந்தது. மூடியைத் திறந்து கவிழ்த்தால் ஒரு நொடி. அதற்கப்புறம் உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. வியாழக்கிழமை வரும், கமிட்டி கூடும். குலாம் பாய்க்கு ஆனது ஆகட்டும், அவரே சொல்லிவிட்டார். அவள் மூடியில் விரலை வைத்தாள். அடிவயிறு அப்படி இறுகியது, நின்ற இடத்திலேயே அவமானப்பட்டுவிடுவோமோ என்று தோன்றியது. ஒரு கையால் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாலு மணிக்கு அவர் என்ன எழுதிக் கொடுப்பார்? அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. உருதுவில் எழுதினால் படிக்க ஆளில்லை. அவருடைய விளக்கத்தை யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். இதுவரை அவருக்கு விடுப்புக் கடிதமெல்லாம் எழுதிக் கொடுத்தது தங்கபுஷ்பம்தான். இதையும் அவளிடம்தான் கொண்டுவருவார்.

சீசாவை முந்தானையில் பொதிந்துகொண்டு நூலகத்துக்குப் போனாள்.

"அம்மா, நாந்தான் கழுவுனேன்."

ஜெயபாரதி நிமிர்ந்து பார்த்தாள். புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது.

"நேத்து கேட்டேனே!"

"பொய் சொல்லிட்டேம்மா. காலின்னு நெனச்சுட்டேன். மேல ஒட்டுன தாள்ல எழுத்தே இல்ல, வெறும் மசி."

ஜெயபாரதியின் முகத்திலிருந்த சிவப்பு மெல்ல இறங்கியது. குளிர்ப்பெட்டிக்குள் போகிற எதையும் பென்சிலால்தான் எழுத வேண்டும், மசி ஈரத்தில் கரைந்துவிடும் என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருந்தது. சுங்கத்திலிருந்து வந்த சந்தோஷத்தில் அவள் புதுப் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தாள்.

"எம்மேலயும் தப்பு இருக்கு" என்றாள் சன்னமாக. பிறகு, "கழுவின தண்ணி போயிடுத்தா?"

தங்கபுஷ்பம் முந்தானையைத் திறந்தாள்.

* * *

முதல் மாடிக் கூடத்தில் காலையில் தொங்கவிட்ட துண்டு இன்னும் உயிரோடு இருந்தது. மணி இரண்டரை. ஜெயபாரதி பழுப்புச் சீசாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். அதில் முன்பு இருந்தது அட்ரோபின்.

"வேற மருந்து கலந்துடுத்தாம்மா? கெட்டுப்போச்சா?"

"இல்லை. இது ஒண்ணுதான் கலந்தாலும் பரவாயில்லை. எப்படியும் முதல்ல அட்ரோபின் போட்டுத்தான் செய்யணும். ஆனா உள்ள இருக்கறது உயிரோட இருக்கணுமே. சனிக்கிழமை மத்தியானத்துலேர்ந்து வெயில் காலத்துல வெளியில..."

குழாயில் அட்ரோபின் விட்டாள். மின்சாரம் தொட்டதும் நெம்புகோல் ஏறியது, முன்பு ஏறினதில் பாதி உயரம். பழக்கமான பாதி. மின்சாரத்தை நிறுத்தினாள். கோடு தரையோடு தரையாக ஓடியது.

சிரிஞ்சில் பழுப்புச் சீசாவிலிருந்து எடுத்து ஒரு சொட்டு விட்டாள்.

டிரம் சுழன்றது. கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் மனசுக்குள் எண்ணினாள். பத்து. இருபது. முப்பது. கோடு அசையவில்லை. நாற்பது.

"செத்துப்போச்சு" என்றாள் ஜெயபாரதி.

தங்கபுஷ்பம் குழாயருகே குனிந்தாள். கண்ணாடி கழுவிக் கழுவிப் பழகிய கண். "அம்மா, சொட்டு உள்ளயே விழல. மேல ஒட்டிக்கிட்டு நிக்கி, பாருங்க."

கரைசலுக்கு ஒரு விரல் மேலே, குழாயின் உள்சுவரில் அந்தச் சொட்டு உட்கார்ந்திருந்தது. ஜெயபாரதி இன்னொரு சொட்டை எடுத்து, ஊசிமுனையைக் கரைசலுக்குள்ளேயே நுழைத்து விட்டாள்.

மூன்று எண்ணுவதற்குள் நூல் இழுபட்டது. நெம்புகோல் முனை ஒரு முறை துடித்தது. பிறகு ஏறத் தொடங்கியது. மின்சாரம் தொட்டால் குதிக்கிற மாதிரி இல்லை. அவசரமில்லாமல், யாரோ இறுக்கிப் பிடித்து இழுக்கிற மாதிரி, கறுப்பில் வெள்ளைக் கோடு மேலே மேலே போனது. பாதியைத் தாண்டியது. அட்ரோபினுக்கு முந்தின உயரத்தையும் தாண்டியது. அந்த விரற்கடைத் துண்டு தன் பலத்தையெல்லாம் கூட்டிச் சுருங்குவதைப் பார்த்தபோது தங்கபுஷ்பத்துக்குத் தன் வயிறே இழுபடுவது போலிருந்தது.

"இன்னொருத்தி" என்றாள், தன்னையறியாமல்.

"என்ன இது?"

சண்முகசுந்தரம் கதவருகே நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், கையில் ஒரு வெள்ளைத் தாளோடு குலாம் ரசூல். தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதித் தருகிறவளைத் தேடி வந்திருக்கிறார்.

தலைவர் டிரம்மைப் பார்த்தார். பிறகு சீசாவை எடுத்துப் பார்த்தார். "சப்ஸ்டன்ஸ் பியா? கிடைச்சிடுச்சா? இதுல யாரு கரைச்சது? இது அட்ரோபின் சீசா."

நான்தான் கரைத்தேன் என்று ஜெயபாரதி சொல்லியிருந்தாலும் நிற்காது. விவரம் தெரிந்த யாரும் அட்ரோபின் சீசாவில் வெறும் தண்ணீரை விட்டு அதைக் கரைக்கமாட்டார்கள்.

"நாந்தான் சார்" என்றாள் தங்கபுஷ்பம். "காலிச் சீசான்னு கழுவிட்டேன். சனிக்கிழம. பாய் புல்லுக்குப் போயிருந்தாவ. சாவி எங்கிட்ட இருந்துச்சு. நேத்து கேட்டப்ப தெரியலன்னு பொய் சொன்னேன்."

குலாம் ரசூல் "அரே" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

சண்முகசுந்தரம் டிரம் பக்கம் திரும்பினார். கோடு உச்சிக்குப் போய் மெல்ல வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கண் அதன் மேலேயே இருந்தது.

"எத்தனை மில்லி தண்ணி?"

"ரெண்டு சார்."

"உத்தேசமா?"

"இல்ல சார். சிரிஞ்சுல ரெண்டாவது கோடு வரைக்கும். தண்ணி கம்மியா இருக்குல்லா, அளந்துதான் எடுப்பேன்."

"வேற சீசாவுக்கு மாத்தினியா?"

"இல்ல சார். லாரி வந்துட்டு."

அவர் ஜெயபாரதியைப் பார்த்தார். "ஒரு மில்லிகிராம், ரெண்டு மில்லி. எவ்வளவு கண்ணாடில ஒட்டிச்சோ, எவ்வளவு வெயில்ல போச்சோ. சரியான அளவு சொல்ல முடியாது. ஆனா ஏறுதா இல்லையான்னு சொல்லலாம். இப்பவே பனியில வை. இருக்கிற வரைக்கும் செய்." பிறகு தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். "சோதனைக் குறிப்பேட்டுல எழுது. நடந்ததை நடந்தபடி. தமிழ்லயே எழுது. கையெழுத்துப் போடு."

அவள் எழுதினாள். எட்டு வரி. ஒவ்வொரு வரியும் தன் கழுத்துக்குத் தானே போடுகிற சுருக்கு என்று அவளுக்குத் தெரிந்தது. 'பொய் சொன்னேன்' என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு அதையும் எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, "சார், ஆபீசுல சாவி..." என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயபாரதிக்குப் புரிந்தது. அவளே ஓடிப்போய்க் கழிப்பறைச் சாவியை வாங்கி வந்தாள்.

* * *

குலாம் ரசூலின் மெமோவைத் தலைவர் திரும்ப வாங்கிக்கொண்டார். சாவியைக் கைமாற்றியதற்கு வாய்மொழியாக ஒரு வசவு, அதோடு சரி. தங்கபுஷ்பத்தின் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 'எச்சரிக்கை. பணிப்பதிவேட்டில் பதிவு செய்யவும்' என்று எழுதி புதன்கிழமையே ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் காலையிலிருந்து காப்பிகூடக் குடித்திருக்கவில்லை. குலாம் ரசூல் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா, கிணத்துல குதிக்கிற மாதிரி உக்காந்துக்கினு கீறே?"

"அந்தக் காகிதம் உள்ள போயிருக்கும் பாய்."

"எந்தக் காகிதம்? அந்த எச்சரிக்கையா?" அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கீழ கிளார்க்கு தலைய சொரிஞ்சிக்கினு கீறான். உன் பேருல பதிவேடே இல்லியாம். டெம்பரவரிக்கு ஏது பதிவேடு? எதுல எழுதறதுன்னு கேட்டு மேல நோட்டு போட்டுக்கீறான்."

அவளுக்குச் சிரிக்கத் தெரியவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஓரத்தில் சண்முகசுந்தரம், எதையும் கேட்காமல். நடுவில் இருந்தவர் கேட்டார்: "காலி மாதிரி தெரியிற சீசா கைக்கு வந்தா இனிமே என்னம்மா செய்வே?"

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது. அவள் கால்களை இறுக்கிக்கொண்டாள்.

"கேக்காம கழுவ மாட்டேன் சார். கேட்டாலும் மொதத் தண்ணிய கொட்ட மாட்டேன்."

நடுவில் இருந்தவர் சண்முகசுந்தரத்தைப் பார்த்தார். சண்முகசுந்தரம் தன் முன்னால் இருந்த தாளில் ஏதோ ஒரு வார்த்தை எழுதினார். "போகலாம்" என்றார்கள்.

அதற்கப்புறம் பத்தொன்பது நாள் எந்தத் தகவலும் இல்லை. அந்த நாட்களில் ஜெயபாரதி அந்த இரண்டு மில்லியைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்தாள். பன்னிரண்டு துண்டுகளில் பதினொன்று ஏறின. பன்னிரண்டாவது ஏன் ஏறவில்லை என்று அவளுக்கு விளங்கவே இல்லை. மறுபடி செய்து பார்க்கவும் தண்ணீர் மிச்சமில்லை. அடுத்த சீசா வர இன்னும் ஒரு வருஷமாயிற்று.

இருபத்தாறாம் தேதி கிளார்க் தங்கபுஷ்பத்தைக் கீழே கூப்பிட்டார். மேஜையில் நீல அட்டை போட்ட புதுப் புத்தகம் ஒன்று இருந்தது. அட்டையில் அவள் பெயர்.

"நிரந்தரம் ஆயிடுச்சும்மா. இது உன் பணிப்பதிவேடு. கையெழுத்துப் போடு."

அவள் பேனாவை வாங்கினாள். கிளார்க் முதல் பக்கத்தைத் திருப்பினார். பிறந்த தேதி, அடையாள மச்சம், கணவர் பெயர். அதற்குக் கீழே, சேர்ந்த தேதிக்கும் முன்னால், சிவப்பு மசியில் முதல் பதிவாக அந்த எச்சரிக்கை இருந்தது. "என்ன பண்றது, ஆர்டர் முதல்ல வந்தது இதுதானே" என்றார் கிளார்க்.

ஆண்டுக்கு ஒரு முறை, சித்திரையில், ஊழியர்கள் தங்கள் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டு அனுப்பினால் அவள் முதலில் ஆபீசுக்குப் போகமாட்டாள். கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் வருவாள். நிரந்தர ஊழியர் என்பதால் அதன் சாவி இப்போது அவள் இடுப்பிலேயே இருந்தது.